'டாக்டர் ஓட்டின வண்டி சார்!' - பழைய காருக்கு ஜாதகம் இருந்தால் விலை ஏறுமா?

பழைய கார் வாங்கப் போயிருக்கீங்களா? போயிருந்தால் இந்த டயலாக்கைக் கண்டிப்பாகக் கேட்டிருப்பீங்க. "சிங்கிள் ஓனர் சார். டாக்டர் ஓட்டின வண்டி. வீட்டுக்கும் கிளினிக்குக்கும் மட்டும்தான் போயிருக்கு." தமிழ்நாட்டில் இருக்கிற டாக்டர்களைவிட 'டாக்டர் ஓட்டின' கார்கள் அதிகம் என்பது என் நெடுநாள் சந்தேகம்.

புரோக்கர் அதை ஏன் சொல்கிறார்? ஒரு வண்டியை யார் வைத்திருந்தார் என்பதற்கு ஒரு விலை உண்டு என்று அவருக்குத் தெரியும். நம்ம ஊர் யூஸ்டு கார் மார்க்கெட்டில் அந்தக் கணக்கு ரொம்ப சிம்பிள். கை மாற மாற விலை இறங்கும். ஆர்.சி-யில் நான்காவது ஓனர் என்று இருந்தாலே வாங்க வந்தவர் முகம் சுருங்கிவிடும்.

ஆனால், 50 வயதைத் தாண்டிய கிளாசிக் கார்களின் உலகத்தில் கணக்கு வேற. அங்கே பத்து பேர் கை மாறியிருந்தாலும் யாரும் கவலைப்படுவதில்லை. அந்தப் பத்து பேர் யார், எந்த வருஷம் வாங்கினார்கள், அப்போது வண்டி என்ன கலர், எந்த என்ஜின் இருந்தது, இதுக்கெல்லாம் பேப்பர் இருக்கா? கேள்வி இவ்வளவுதான். வண்டிக்கே ஒரு ஜாதகம் கேட்கிறார்கள்.

இந்த ஜாதகத்துக்கு உண்மையிலேயே காசு தருகிறார்களா, இல்லை, இதுவும் டாக்டர் கதை மாதிரிதானா? கொஞ்சம் நோண்டிப் பார்த்தேன். காசு தருகிறார்கள். ஆனால், நாம நினைக்கிற காரணத்துக்காக இல்லை.

ஒரு நடிகர் எழுதிய லெட்டர்

பெரிய நம்பர்களை முதலில் பார்த்துவிடலாம். 1968-ல் வந்த ஹாலிவுட் படம் 'புல்லிட்'. சான் பிரான்சிஸ்கோ மேட்டுத் தெருக்களில் ஸ்டீவ் மெக்வீன் ஒரு பச்சை ஃபோர்டு மஸ்டாங்கில் பறக்கிற சேஸிங் காட்சி இன்றைக்கும் யூடியூபில் ஓடுகிறது. அந்த கார் பிறகு சாதாரண செகண்ட் ஹேண்ட் வண்டியாகக் கை மாறியது. 1974-ல் நியூஜெர்சியைச் சேர்ந்த ஒருவர் பத்திரிகை விளம்பரம் பார்த்து 6,000 டாலருக்கு வாங்கினார். வீட்டம்மா அதை ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போய் வந்தார். 1977-ல் மெக்வீனே அந்த காரைத் திரும்பக் கேட்டு லெட்டர் போட்டார். குடும்பம் கொடுக்கவில்லை. லெட்டரை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டது.

2020 ஜனவரியில், ஃப்ளோரிடாவில் நடந்த ஏலத்தில் அந்த மஸ்டாங், கமிஷனோடு சேர்த்து 37.4 லட்சம் டாலருக்குப் போனது. அப்போதைய மதிப்பில் சுமார் 26 கோடி ரூபாய். ஏலத்துக்கு வந்தபோது அதில் துரு இருந்தது, பெயின்ட் மங்கியிருந்தது, கேமரா மாட்டுவதற்காகப் படக்குழு செய்த வெல்டிங் வேலையும் அப்படியே இருந்தது. பளபளன்னு புதுசாக்கி வைத்திருந்தால் அது இன்னொரு பச்சை மஸ்டாங்காகத்தான் இருந்திருக்கும். அந்தத் தழும்புகளும், சேஸிஸ் நம்பரும், லெட்டரும் ஒன்றுக்கொன்று சாட்சி சொன்னதால்தான் அது 'புல்லிட்' கார்.

பாடகி ஜானிஸ் ஜாப்ளினின் போர்ஷே 356 கதை இன்னும் சுவாரஸ்யம். 1968-ல் 3,500 டாலருக்கு வாங்கிய வண்டி. பூ, பட்டாம்பூச்சி, முகங்கள் என்று உடம்பு முழுக்க ஓவியம். 2015 டிசம்பர் ஏலத்தில் அதிகபட்சம் 6 லட்சம் டாலர் வரும் என்று எதிர்பார்த்தார்கள். போனது 17.6 லட்சம் டாலருக்கு! ட்விஸ்ட் என்னன்னா, அந்த ஓவியம் ஒரிஜினல் கிடையாது. அவர் இறந்த பிறகு பெயின்ட் உதிர ஆரம்பித்து, குடும்பத்தினர் காரை மறுபடி பெயின்ட் அடித்துவிட்டார்கள். 1990-களில் பழைய ஓவியத்தைப் பார்த்து மறுபடி வரைந்ததுதான் இப்போது இருப்பது. ஆனால், ஏலம் வரை காரின் உரிமை அந்தக் குடும்பத்தை விட்டுப் போகவே இல்லை. மேலே இருந்த பெயின்ட் போனாலும் உரிமைச் சங்கிலியில் ஒரு கண்ணிகூட விடுபடவில்லை. ஏலத்தில் கை தூக்கியவர்கள் அதற்குத்தான் பணம் கொடுத்தார்கள்.

இளவரசி டயானா ஓட்டிய 1985 மாடல் ஃபோர்டு எஸ்கார்ட்கூட 2022-ல் ஆறரை லட்சம் பவுண்டுக்குப் போனது. எஸ்கார்ட்டுங்க! நம்ம ஊரில் 90-களில் ஓடிச்சே, அதே பெயர்.

இதெல்லாம் பிரபலங்களின் கார். நம்ம தாத்தா ஸ்டீவ் மெக்வீன் இல்லை. அப்போ நமக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்டால், அதற்கு லண்டன் கோர்ட்டுக்குப் போக வேண்டும்.

கோர்ட்டுக்குப் போன பென்ட்லி

'ஓல்டு நம்பர் ஒன்'. இது ஒரு பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ் காரின் செல்லப் பெயர். பிரான்ஸில் நடக்கும் 24 மணி நேர லு மான் பந்தயத்தை 1929, 1930 என இரண்டு வருஷம் அடுத்தடுத்து ஜெயித்த வண்டி. அதற்குப் பிறகும் அது சும்மா இல்லை. 1932-ல் இன்னும் பெரிய 8 லிட்டர் என்ஜின் ஏற்றப்பட்டு, லண்டன் பக்கத்தில் இருந்த ப்ரூக்லேண்ட்ஸ் டிராக்கில் ஓடியபோது, பயங்கர விபத்து. ஓட்டிய கிளைவ் டன்ஃபீ இறந்துபோனார். நொறுங்கிய காரை எடுத்து, வேறு பாடி கட்டி, சாலையில் ஓடுகிற காராக மாற்றினார்கள். இப்படிப் பல அவதாரம் எடுத்து, பல கை மாறி, கடைசியில் ஒருவர் அதை மறுபடி பந்தய கார் தோற்றத்துக்குக் கொண்டுவந்தார். 1990-ல் ஒரு கம்பெனி அதை ஒரு கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்பந்தம் போட்டது.

பிறகு அந்தக் கம்பெனி பின்வாங்கியது. "1929-ல் ஜெயித்த காரில் இருந்த பாகங்கள் இதில் கிட்டத்தட்ட எதுவும் இல்லையே, இது எப்படி அதே கார் ஆகும்?" என்பது அவர்கள் வாதம். நியாயமான கேள்விதான். என்ஜின் வேற, பாடி வேற, சேஸிஸில்கூட சந்தேகம். விற்றவர் கோர்ட்டுக்குப் போனார்.

நீதிபதி ஓட்டன், காரின் பிறப்பு முதல் எல்லாவற்றையும் விசாரித்தார். எந்த வருஷம் எந்தப் பாகம் மாறியது, யார் மாற்றினார், ஏன் மாற்றினார் என்று பாகம் பாகமாகப் பார்த்தார். அவர் முடிவு இப்படிப் போகிறது. 1929-ல் இருந்த அதே உலோகம் என்ற அர்த்தத்தில் இது 'ஒரிஜினல்' கிடையாது. ஆனால், இந்த கார் எந்தக் காலத்திலும் காணாமல் போகவில்லை. பந்தய காராக, விபத்துக்குப் பிறகு சாலை காராக, அதன் வாழ்க்கை தொடர்ந்து நடந்தது. 'நான்தான் ஓல்டு நம்பர் ஒன்' என்று சொல்ல வேறு எந்த காரும் கிடையாது. ஆகவே, இதுதான் உண்மையான ஓல்டு நம்பர் ஒன். பேசிய பணத்தைக் கொடுங்கள்!

நமக்கு இது புதுசில்லை. திருவாரூர் ஆழித்தேர் ஒருமுறை தீயில் எரிந்து, புதிதாகச் செய்யப்பட்டது. பின்னாளில் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும்கூட வந்தன. அது வேற தேர் என்று யாராவது சொல்லுவோமா? ஆனால், தேருக்கு ஊரே சாட்சி. காருக்கு அப்படி ஊர் கிடையாது. பேப்பர்தான் ஊர்.

இந்தத் தீர்ப்பைப் படித்த பிறகு எனக்குத் தோன்றியது இதுதான். நாம ஓனர்ஷிப் ஹிஸ்டரி என்றால், காருக்கு மேலே வைக்கிற அலங்காரம் மாதிரி நினைக்கிறோம். 'வண்டி இவ்வளவு, ஹிஸ்டரிக்கு மேலே இவ்வளவு' என்று. உண்மையில் 50, 60 வருஷம் ஓடிய எந்த வண்டியிலும் பாதி பாகம் மாறியிருக்கும். கிளட்ச், கார்புரேட்டர், வயரிங், தகரம், சில நேரம் என்ஜினே. மாறாமல் வருவது அதன் கதை மட்டும்தான். அந்தக் கதை பேப்பரில் இல்லை என்றால், நீங்கள் வாங்குவது எந்த கார் என்றே உங்களுக்குத் தெரியாது. ஆகவே, பேப்பர் விலையை ஏற்றுகிறது என்பதைவிட, பேப்பர் இல்லாமை விலையை இறக்குகிறது என்பதே சரி.

அரசு கேட்கும் கேள்வியும் இதுதான்

இந்தியாவில் இது வெறும் ரசனைப் பிரச்னையாக இல்லாமல் சட்டப் பிரச்னையாகவும் ஆகியிருக்கிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஜூலையில் வின்டேஜ் வாகனங்களுக்குத் தனி விதிகளைக் கொண்டுவந்தது. முதல் பதிவு தேதியிலிருந்து 50 வருஷம் தாண்டிய, சொந்த உபயோகத்துக்கான டூ வீலர், கார்களை வின்டேஜ் எனப் பதிவு செய்யலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், புதுப்பிக்க 5,000 ரூபாய். கண்காட்சி, ராலி மாதிரியான விஷயங்களுக்கு எடுத்துப் போகலாம். தினமும் ஆபீஸுக்கு ஓட்டக் கூடாது.

இதில் இரண்டு வரிகளைக் கவனிக்கணும். ஒன்று, 50 வருஷக் கணக்கு 'முதல் பதிவு' தேதியிலிருந்து. உங்க வண்டி எப்போது முதலில் பதிவானது என்பதற்கு ஆதாரம் இல்லையென்றால், அது வின்டேஜா, வெறும் கிழடா என்றே முடிவு செய்ய முடியாது. ஏற்கெனவே இந்தியாவில் பதிவான வண்டிக்குப் பழைய ஆர்.சி-யைக் கேட்கிறார்கள். இறக்குமதியான வண்டிக்குச் சுங்கத் துறை ஆவணம் வேண்டும். இரண்டு, வண்டி அதன் அசல் வடிவத்தில் இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. ஓல்டு நம்பர் ஒன்னுக்கு நீதிபதி ஓட்டன் காட்டிய பெருந்தன்மை இங்கே இல்லை!

எனக்குப் பிடித்த ஒரு விஷயமும் அந்த விதிகளில் இருக்கிறது. ஏற்கெனவே பதிவான வண்டிகள் தங்கள் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிவாகும் வண்டிகளுக்குத்தான் 'வி.ஏ' வரிசை நம்பர். பழைய நம்பர் பிளேட்டே ஓர் ஆவணம்தானே? எம்.ஜி.ஆரின் அம்பாசிடர் என்றதும் அந்தத் தலைமுறைக்கு 'டி.எம்.எக்ஸ் 4777' ஞாபகம் வருகிறதே, அது நம்பரின் சக்தி. ஒரு மெட்ராஸ் நம்பர் வண்டியை வேறு மாநிலத்துக்கு மாற்றி, அங்கே புது நம்பர் வாங்கியதும், வண்டியின் பூர்வீகமே கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது.

வைத்திருப்பதும் சும்மா இல்லை. 20 வருஷம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2025 ஆகஸ்ட்டில் 10,000 ரூபாயாக உயர்த்தினார்கள். 25, 30 வயது ஆன மாருதி 800, கான்டெஸ்ஸா எல்லாம் இந்த இடைவெளியில்தான் மாட்டிக்கொண்டிருக்கின்றன. வின்டேஜ் ஆக வயசு பத்தாது, சாதாரண காராக இருக்கச் செலவு அதிகம். இன்னும் 20 வருஷம் தாக்குப்பிடித்தால் கிளாசிக். அதுவரை அந்த ஃபைலை யார் பத்திரமாக வைத்திருப்பார்?

பேப்பரே பொய் சொன்னால்?

நல்ல ஜாதகத்துக்கு விலை உண்டு என்றால், ஜாதகத்தை எழுதித் தருகிறவர்களும் வருவார்கள். 2025 செப்டம்பரில் கொச்சி சுங்கத் துறை 'ஆபரேஷன் நும்கோர்' என்று ஒரு சோதனை நடத்தியது. நும்கோர் என்றால் பூடான் மொழியில் வண்டி. லேண்ட் க்ரூஸர், டிஃபெண்டர் மாதிரியான பழைய வண்டிகள் பூடானிலிருந்து முறைகேடாகக் கொண்டுவரப்பட்டு, ராணுவம், தூதரகம் பெயரில் போலி ஆவணங்களோடு இங்கே பதிவு செய்யப்பட்டன என்பது அதிகாரிகளின் குற்றச்சாட்டு. 30-க்கும் மேற்பட்ட வண்டிகளைப் பறிமுதல் செய்தார்கள். மலையாள நடிகர்கள் சிலரின் வீட்டுக்கும் போனார்கள். யார் தெரிந்து வாங்கினார், யார் ஏமாந்தார் என்பதைக் கோர்ட் பார்த்துக்கொள்ளட்டும்.

நான் சொல்ல வருவது வேற. அந்த வண்டிகளை வாங்கியவர்களிடமும் ஆர்.சி இருந்தது. 'செகண்ட் ஓனர், தேர்டு ஓனர்' என்று வரிசையாகப் பெயர்களும் இருந்தன. சந்தேகம் எல்லாம் முதல் கண்ணியில். அது போலி என்று ஆகிவிட்டால், அதற்குப் பிறகு நேர்மையாக வாங்கி விற்ற பத்து பேரின் கையெழுத்துக்கும் மதிப்பில்லை. அதனால்தான் வெளிநாடுகளில் ஒரே ஒரு பேப்பரை நம்பாமல், ஒன்றையொன்று சம்பந்தப்படாத மூன்று நான்கு இடங்களில் ஒத்துப்பார்க்கிறார்கள். பிரிட்டனில் மோரிஸ், ஆஸ்டின், எம்.ஜி கார்களுக்கு, தயாரிப்புப் பதிவேட்டைப் பார்த்துச் சான்றிதழ் தருகிற அமைப்பே இருக்கிறது. சேஸிஸ் நம்பர், என்ஜின் நம்பர், முதல் கலர், எந்த ஊருக்கு அனுப்பினார்கள் என்பது வரை அதில் வரும். நம்ம ஊரில் பழைய மோரிஸ் வைத்திருப்பவர்கள் அதை எழுதிக் கேட்கலாம்.

கதையை ஆவணம் கவிழ்த்த சம்பவமும் உண்டு. கனடா போர் அருங்காட்சியகத்தில் ஒரு கறுப்பு மெர்சிடிஸ். இரண்டாம் உலகப் போர் முடிவில் அமெரிக்க வீரர்கள் கைப்பற்றியது. நாஜித் தலைவர் கோரிங்கின் கார் என்றே எல்லோரும் நம்பினார்கள், அப்படித்தான் காட்சிக்கும் வைத்தார்கள். அங்கே வேலை பார்த்த லுட்விக் கோஷே என்ற நூலகர் சும்மா இருக்காமல் நம்பர்களைத் துருவி, போட்டோக்களை ஒத்துப்பார்த்து, அது ஹிட்லர் பயன்படுத்திய கார் என்று நிறுவினார். இப்படி ஒரு ஓனர் பெயர் தெரிந்தால் விலை ஏறுமா, இறங்குமா என்பது தனிப் பஞ்சாயத்து. ஹிட்லரின் இன்னொரு மெர்சிடிஸ் 2018-ல் அமெரிக்க ஏலத்துக்கு வந்து, எதிர்பார்த்த விலை கிடைக்காமல் விற்காமலேயே திரும்பியது.

எங்க வீட்டு ஃபியட்

இவ்வளவும் நான் ஏன் படித்தேன் என்றால், சித்தப்பாதான் காரணம். காரைக்குடி பக்கம் அவர் வீட்டு ஷெட்டில் ஒரு 1969 ஃபியட் 1100 நிற்கிறது. தாத்தா செகண்ட் ஹேண்டில் வாங்கியது. போன வருஷம் அதை விற்கலாம் என்று முடிவு செய்தபோது, கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். வண்டியைச் சுற்றி வந்து, கதவைத் திறந்து மூடி, கடைசியில் டார்ச் அடித்து என்ஜின் நம்பரைப் பார்த்தார். ஆர்.சி புக்கில் இருந்த நம்பர் வேற.

80-களில் என்ஜின் மாற்றியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் வண்டி ஓடணும், அவ்வளவுதான், ஆர்.டி.ஓ ஆபீஸில் போய்ப் புது நம்பரைப் பதிய வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. "எங்க அப்பா வண்டி எனக்குத் தெரியாதா? திருட்டு என்ஜினா போட்டிருப்போம்?" என்று சித்தப்பா கோபப்பட்டார். வந்தவர் ரொம்ப மரியாதையாகச் சொன்னார், "உங்களை நம்பறேனுங்க. ஆனா நாளைக்கு நான் விக்கும்போது என்னை யாருங்க நம்புவாங்க?" முதலில் போனில் பேசிய தொகையில் பாதிதான் தருவேன் என்றார். வியாபாரம் நடக்கவில்லை.

கவனிச்சீங்கன்னா, அந்தப் பாதி விலை வண்டியின் கண்டிஷனுக்காகக் குறையவில்லை. வண்டி ஒரே கிராங்கில் ஸ்டார்ட் ஆனது. சேட்டு வீட்டு ராலி காரோ, மகாராஜா காரோ இல்லாத ஒரு சாதாரண ஃபியட்டுக்கு, எல்லாப் பேப்பரும் இருந்திருந்தால் கோடியில் விலை ஏறியிருக்காது. நியாயமான விலைக்கு, ஒரே வாரத்தில், தைரியமாக ஒருவர் வாங்கியிருப்பார். சாதாரண வண்டிகளுக்குப் பேப்பர் செய்யும் வேலை அவ்வளவுதான். ஆனால், அந்த 'அவ்வளவுதான்' இல்லாவிட்டால் அடுத்து வருவது பழைய இரும்புக் கடைக்காரர்.

உங்க வீட்டிலும் இப்படி ஒரு வண்டி இருந்தால், டிஜிட்டல் ஆர்.சி வந்துவிட்டதே என்று பழைய புத்தகத்தைத் தூக்கிப் போடாதீங்க. ஆப்பில் இன்றைய ஓனர் யார் என்பது வரும். முன்னால் இருந்தவர்களின் பெயர், கையெழுத்து, ஊர் எல்லாம் அந்தக் கிழிந்த புத்தகத்தில்தான் இருக்கும். இன்ஷூரன்ஸ் ரசீது, டாக்ஸ் டோக்கன், மெக்கானிக் கொடுத்த துண்டுச் சீட்டு, லைசென்ஸ் ராஜ் காலத்தில் வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கிய அலாட்மென்ட் லெட்டர் எல்லாமே ஆதாரம். நம்பர் பிளேட் தெரிகிற கல்யாண போட்டோகூட ஆதாரம்தான். என்ஜின் மாற்றியிருந்தால் பில்லோடு போய் இப்போதாவது ஆர்.டி.ஓ ஆபீஸில் கேளுங்க. கலர் மாற்றியதும் அப்படியே. மறைத்துவைத்த மாற்றம்தான் வண்டியைக் கெடுக்கும். எழுதிவைத்த மாற்றம் அதன் கதையில் இன்னொரு பக்கம், கொஞ்சம் விலை குறைந்தாலும்.

வியாபாரம் முறிந்த அன்றைக்கு ராத்திரியே சித்தப்பா பரணிலிருந்து தாத்தாவின் இரும்புப் பெட்டியை இறக்கிவிட்டார். 70-களின் டாக்ஸ் டோக்கன்கள் கிடைத்தன. முதல் ஓனரின் ஊரும் பெயரும் கிடைத்தன. ஒரு கல்யாண போட்டோவில் எங்க வண்டி நிற்கிறது. பிளாக் அண்ட் வொயிட் படத்தில்கூடத் தெரிகிறது, இப்போது மெரூனாக இருக்கும் வண்டி அப்போது ஏதோ வெளிர் கலர். அது என்ன கலர் என்பதில் சித்தப்பாவுக்கும் அத்தைக்கும் இரண்டு நாள் சண்டை. கதவின் உள்பக்கம் ஓரமாகச் சுரண்டிப் பார்த்ததில் அடியில் சாம்பல் வந்தது. அத்தை ஜெயித்துவிட்டார்.

என்ஜின் பில் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. என்ஜின் மாற்றிய மெக்கானிக் காலமாகிவிட்டார். அவர் மகன் அதே இடத்தில் இப்போது பைக் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார், அப்பாவின் பழைய நோட்டுகள் வீட்டில் எங்கேயோ கட்டிக் கிடப்பதாகச் சொல்லியிருக்கிறார். சித்தப்பா வாரம் ஒருமுறை அங்கே டீ குடிக்கப் போகிறார்.